கீரைப் பாத்திக்கு அடியில் ஓர் ஏரி

எங்கள் தெருவில் கீரை விற்கும் அக்காவிடம், “இது எங்கேருந்துக்கா வருது?” என்று ஒருநாள் கேட்டேன். “ஏரியிலேருந்து” என்றார். “ஏரிக்கரையிலேருந்தா?” “கரையில இல்லப்பா, ஏரியிலயே.”

இதைப் பார்க்கத்தான் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், விடியும் முன்பே சென்னை பெரம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வடக்கே கிளம்பினேன். மூலக்கடையில் ஒரு டீ. அப்புறம் மாதவரம் தாண்டும்வரை கண்டெய்னர் லாரிகள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கண்ணில் விழுந்த தூசியைத் தவிர. மாத்தூரைக் கடந்து, அக்கா சொன்ன செல்போன் டவரை அடையாளம் வைத்து மண்பாதையில் இறங்கினேன். ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. பட்டாவா புறம்போக்கா என்ற பேச்சு ஓயாத இடம். நான் எழுதி யாருக்கும் தலைவலி வர வேண்டாம்.

பாதை முடியும் இடத்தில் பச்சை தொடங்கியது. சுமார் 4 அடிக்கு 8 அடியில் பாத்தி பாத்தியாகச் சிறுகீரை, அரைக்கீரை. வரப்போரமாகப் புளிச்சக்கீரை. தண்ணீர் தேங்கும் மூலையில் மட்டும் பொன்னாங்கண்ணி. அதற்கும் அந்தப் பக்கம் சம்பும் ஆகாயத்தாமரையும், நடுவில் கொஞ்சம் தண்ணீர், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. ஏரி என்று மிச்சம் இருப்பது அவ்வளவுதான். தகரக் கொட்டகைக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

வணக்கம் சொல்லலாம் என்று குறுக்கே நடந்தவன், புதிதாகக் கட்டிய வரப்பில் காலை வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. காலை மீட்டேன், செருப்பை மீட்க முடியவில்லை. மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் சிரிக்காமல் மண்வெட்டியோடு வந்து தோண்டி எடுத்துக் கொடுத்தார். “இது தரை இல்ல தம்பி. தரை மாதிரி இருக்கும்” என்றார்.

அவர் தோண்டிய குழியைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒன்றரை அடிக்கு வெளியிலிருந்து வந்த மண்: செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், ஒரு ஷாம்பு பாக்கெட். அதற்குக் கீழே கத்தியால் கோடு போட்டாற்போல நிறம் மாறி, கன்னங்கரேலென்று களி. அதில் சம்பின் பழைய வேர்கள், வெள்ளை வெள்ளையாக நத்தைக் கூடுகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடியில் தண்ணீர் ஊறி வந்தது.

பெரியவரின் சின்ன வயதில் இங்கே மேல்மண் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி ரொம்பும். மதகைத் திறந்தால் கீழே ஏரிப் பாசன வயல்களான ஆயக்கட்டுக்குப் பாயும், அங்கே நெல். தை, மாசியில் தண்ணீர் வடிய வடிய, ஈரம் காய்வதற்குள் ஏரி ஓரத்தில் வெள்ளரியும் தர்பூசணியும் போடுவார்கள். அதுவும் முடிந்தால் மாடு மேயும். சித்திரையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். ஒரே நிலம், வருஷத்தில் நாலு வேஷம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போயாக வேண்டும்.

அப்புறம் போர்வெல் வந்தது. மோட்டார் வைத்த விவசாயிக்கு மதகு எதற்கு? மதகு வேண்டாதவர் வரத்துக்காலைத் தூர்வார ஏன் போகப் போகிறார்? சிறுகீரையை விதைத்த இருபது, இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். கையில் தினமும் காசு. நெல்லுக்கு நாலைந்து மாதம் காத்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஆனால் கீரை பன்னிரண்டு மாதமும் தண்ணீர் நிற்காத தரை கேட்கும் பயிர். ஈரம் வேண்டும், தேங்கினால் அழுகிவிடும். நெல்லுக்குத் தெய்வமாக இருந்த கார்த்திகைத் தண்ணீர் கீரைக்கு எமன். ஆகவே வரப்பை உயர்த்தினார்கள். அது போதாமல் லோடு லோடாக மண் அடித்தார்கள். வடிகால் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கத்து நிலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் மண் அடித்தார். கீரை விதைத்தது குற்றமில்லை. ஆனால் ஏரியின் ஓரம் மேடானது இப்படித்தான். மேடான நிலத்தைப் பார்க்க அடுத்து வருபவர் கையில் அளக்கும் டேப் இருக்கும்.

அவர்கள் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஆயக்கட்டு வயல்கள் எல்லாம் முன்பே வீடாகிவிட்டன. அந்தப் பகுதியில் வானம் தெரிகிற இடம் இந்தக் கீரைத் தோட்டம்தான். தோட்டம் இல்லாமல் சும்மா கிடந்திருந்தால் எப்போதோ குடோன் எழுந்திருக்கும்.

சட்டத்தின் பேச்சு வேறு மாதிரி. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் நெல்வயலைக்கூட ஈரநிலக் கணக்கில் சேர்க்கிறது. இந்தியாவும் 1982இல் அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் நம் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயலையும், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்பதிலிருந்தே எடுத்துவிட்டன. அப்படிப் பார்த்தால் முழங்கால் வரை சேற்றில் நின்ற நான் ஈரநிலத்தில் நிற்கவில்லை. செருப்பைக் கேட்டால் வேறு சொல்லும். ஏரிகளைக் காக்க 2007இல் தமிழக அரசு கொண்டுவந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் தனியாக இருக்கிறது. அதுவும் எல்லைக்கல் தெரிகிற இடத்தில்தான் உதவும்.

பெரியவர் கீரைக்குக் காசு வாங்க மறுத்தார். திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மணலி வழியாக மணலி புதுநகர் போய், நாப்பாளையம் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். கீழே கொசஸ்தலை ஆறு. பூண்டியில் 1944இல் கட்டிய நீர்த்தேக்கத்தைத் தாண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து, எண்ணூர் கழிமுகத்துக்கு வருகிற ஆறு. பாலத்தில் காற்று மூக்கில் உப்பாக ஏறியது.

மீஞ்சூர் பக்கம் நிலத்துக்கு அடியிலும் அதே உப்புக் கதைதான், இன்னும் பெரிய அளவில். ஆற்று மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருப்பதை 1960களின் ஆய்வுகள் காட்டின. விவசாயிகளின் மோட்டாரோடு நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமான ராட்சத போர்வெல்களும் சேர்ந்து உறிஞ்ச, காலியான இடத்தில் கடல் புகுந்தது. 1969 வாக்கில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை, 1980களில் 9 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. நிலத்தடி நீரை முறைப்படுத்த 1987இல் தனிச்சட்டமே போட்டார்கள். பின்னாளில் மேற்கே திருவள்ளூர் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்றால் நிலம் தரிசாகத்தானே கிடக்கும்? கடைசியில் 2010இல், மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலையைத் திறந்தார்கள். நல்ல தண்ணீரைக் காலி செய்த ஊருக்குப் பக்கத்திலேயே!

சாலையோரத்து வயல் ஒன்றில் இறங்கிப் பார்த்தேன். அறுவடை முடிந்த தாள். வரப்பின் மேல் கோலமாவு சிந்தினாற்போல் வெள்ளை பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பும் கசப்பும். டீக்கடைக்காரர் குடிக்க கேன் தண்ணீர்தான் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மணி மூன்று. கீரை கட்டாகக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார் பெரியவரின் மனைவி. நாலு கட்டு வாங்கினேன். இந்த முறை காசு வாங்கிக்கொண்டார்கள். எனக்குக் காலையிலிருந்து ஒரு கேள்வி. “ஏரி எதுவரைக்கும்மா? எல்லை எது?”

அவர் சாக்கை இழுத்துக் கட்டியபடியே சொன்னார்: “கார்த்திகையில வா, நான் இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டு மோட்டாரக் கழட்டிட்டு இருப்பேன். அப்ப வந்து கேளு.”