அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் இருந்தவர்கள்: ஜப்பானிய மெட்டல் கேட்ட எட்டு மாதங்கள்

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் அலமாரியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, மேல்நாட்டுக் குழுக்கள் ஜப்பானில் நடத்திய கச்சேரிகளின் நான்கு இசைத்தட்டுகள் ஒன்றாகக் கையில் வந்தன. டீப் பர்ப்பிள் 1972-ல் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்தது. ஸ்கார்ப்பியன்ஸ் 1978-ல் டோக்கியோவில் வாசித்தது. ஜூடாஸ் ப்ரீஸ்டின் 1979 கச்சேரி, அதுவும் டோக்கியோதான். அயர்ன் மெய்டன் 1981-ல் நகோயாவில் வாசித்தது. இருபத்திரண்டு வருடமாக ஹெவி மெட்டல் என்ற, கிட்டாரும் டிரம்ஸும் கனத்து ஒலிக்கும் ராக் இசையைக் கேட்கிறேன். இந்த நான்கிலும் பாட்டுகளுக்கு இடையே எழும் கைதட்டல்கூட எனக்கு மனப்பாடம். ஆனால் அப்படிக் கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்த் தாங்களே கிட்டாரை எடுத்து என்ன வாசித்தார்கள் என்று ஒருநாளும் தேடியதில்லை. அது உறைத்தது. அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. ஒரு குழுவுக்குக் குறைந்தது இரண்டு வாரம். ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும், நடுவில் தாவக் கூடாது. முதல் ஐந்து முறையும் பாட்டின் பொருளைத் தேடிப் படிக்கக் கூடாது. கேட்ட அன்றே நான்கு வரியாவது எழுதிவிட வேண்டும்.

தொடக்கம் லவுட்னஸ். மெய்டன் நகோயாவில் வாசித்த அதே 1981-ல் ஒசாகாவில் தொடங்கிய குழு. கிட்டார் அகிரா தகாசாகி, டிரம்ஸ் முனேதகா ஹிகுச்சி. இருவரும் அதற்குமுன் லேஸி என்ற குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். நான் முதலில் எடுத்தது 1985-ல் வந்த ‘தண்டர் இன் தி ஈஸ்ட்’. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 74-ஆம் இடம்வரை ஏறிய ஆல்பம் அது. மூன்று நாள் கேட்டுவிட்டு, “நன்றாக வாசிக்கிறார்கள், ஆனால் எல்லாம் எனக்குத் தெரிந்த வீடுதான்” என்று எழுதினேன். இன்று அந்த வரியைப் படிக்கும்போது, நான் அந்த ஆல்பத்தைக் கேட்கவே இல்லை, எனக்குத் தெரிந்த மற்ற குழுக்களோடு வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தேன் என்று புரிகிறது.

திருப்பம் அதற்கு முந்தைய ஆல்பத்தில் கிடைத்தது. 1984-ல் வந்த ‘டிஸில்யூஷன்’ ஆல்பத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதலில் ஜப்பானிய மொழியில் பாடி வெளியிட்டார்கள். பிறகு ஆங்கிலத்தில் பாடிய வடிவம் ஒன்றும் வந்தது. அதே பாடகர் மினோரு நிஹாரா, அதே மெட்டு, மொழி மட்டும் வேறு. ஒரு பாட்டை ஜப்பானியத்தில் கேட்டு, உடனே அதையே ஆங்கிலத்தில் கேட்டு, மறுபடி ஜப்பானியத்துக்குத் திரும்பி, இப்படியே ஒரு மாலை முழுதும் போனது. ஆங்கிலத்தில் வரிகள் அடைபட்டு முடிகின்றன. கடைசிச் சொல் ட், க், ன் என்று வாய் மூடியதும் குரல் அறுந்துவிடுகிறது. மிச்ச இடத்தை கிட்டார் நிரப்புகிறது. ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை. எனவே வரி முடிந்தபிறகும் நிஹாராவின் வாய் திறந்தே இருக்கிறது, குரல் கிட்டாரின்மேல் ஏறி நிற்கிறது. வினைச்சொல்லும் நம் தமிழில்போலக் கடைசியில்தான் வருகிறது. என்ன நடந்தது என்ற சேதி வரியின் கடைசி அடியில், டிரம்ஸ் விழும் இடத்தில் வந்து விழுகிறது.

இது எனக்கு ஒரு வகையில் பழக்கமான சங்கதிதான். நாம் பேசும்போது பஸ்ஸை ‘பஸ்ஸு’ என்கிறோம், காரை ‘காரு’ என்கிறோம். மெய்யில் முடியும் சொல்லை அப்படியே விட நாக்குக்கு மனம் வருவதில்லை. ஜப்பானியர்கள் மெட்டலை ‘மெதரு’ என்கிறார்கள். அந்தக் கடைசி ‘உ’ எனக்கு அந்நியமாகப் படவில்லை. அன்று நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி போதாமல் நான்கு பக்கம் எழுதினேன். பிறமொழிச் சொற்களை எழுத ஜப்பானியர்கள் பயன்படுத்தும் கதகனா எழுத்துகளைக் கற்கத் தொடங்கியதும் அந்த வாரம்தான். அடிப்படை எழுத்துகள் 46. குழுக்களின் பெயரையும் பாட்டுத் தலைப்புகளையும் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆறு வாரம் ஆனது.

எக்ஸ் ஜப்பானிடம் இரண்டு வாரம் இருந்தேன். யோஷிகியின் டிரம்ஸ் வேகத்தையும் பியானோவையும் ஒரே மனிதன் செய்கிறான் என்பதே வியப்புதான். 1993-ல் வந்த ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ ஒரே பாட்டு, 29 நிமிடம். நடுவே நெடுநேரம் பியானோ மட்டும் தனியாக, ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டு போகும். அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மற்றவற்றில் இன்னும் உள்ளே போக முடியவில்லை. அடுத்த வருடம் மறுபடி கேட்பேன்.

பேபிமெட்டலை நான் பத்து வருடம் ஒதுக்கியிருந்தேன். மூன்று சிறுமிகள் ஆடிப் பாட, பின்னால் மெட்டல் என்றதும் அது எனக்கானது இல்லை என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு தவறு. 2010-ல் தொடங்கிய குழு 2016-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கம்வரை போனது எப்படி என்பது, அவர்களுக்குப் பின்னால் வாசிக்கும் ‘காமி பேண்ட்’ குழுவைத் தனியாகக் கவனித்தால் புரியும். ‘காமி’ என்றால் தெய்வம். டிரம்ஸும் பேஸும் ஊசி நூல் கோர்ப்பதுபோல ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. அதன்மேல் பாடகி சு-மெட்டலின் குரல் நடுக்கமோ கமகமோ இல்லாமல் நேர்கோடாக நிற்கிறது. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் அப்படி அசையாமல் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பது சாமானியக் காரியமில்லை. 2025-ல் டெல்லியின் பிளட்டிவுட் குழுவோடு சேர்ந்து அவர்கள் பாடியதையும் கேட்டேன். இந்தியும் ஜப்பானியமும் ஒரே ரிஃபின்மேல், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரே கிட்டார் வரிசையின்மேல், உட்கார்ந்திருப்பதைக் கேட்டபோது உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூனில் நிங்கென் இசு என்ற குழு வந்தது. இரண்டு வாரம் என்று வைத்தது பதினோரு வாரம் ஆனது.

பெயருக்கு ‘மனித நாற்காலி’ என்று பொருள். எடோகாவா ராம்போ 1925-ல் எழுதிய சிறுகதையின் தலைப்பு அது. நாற்காலி செய்யும் ஒருவன் தான் செய்த கைவைத்த நாற்காலிக்குள் தானே ஒளிந்துகொள்ளும் கதை. 1987-ல் ஷின்ஜி வாஜிமாவும் கெனிச்சி சுசுகியும் தொடங்கிய குழு இது. இருவருக்கும் ஊர் ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷுவின் வடகோடியில், அஓமோரி மாநிலத்து ஹிரோசாகி. பனி கொட்டும் ட்சுகாரு வட்டாரம். 1990-ல் வந்த அவர்களது முதல் முழு ஆல்பத்துக்கு, அதே வட்டாரத்தில் பிறந்த ஒசாமு தசாயின் நாவல் தலைப்பையே வைத்தார்கள். இலக்கியம் படித்த பிள்ளைகள், ஹெவி மெட்டலின் முன்னோடியான இங்கிலாந்தின் பிளாக் சபத் குழுவைக் கேட்டு வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் குழுவைக் காட்டலாம்.

நான் முதலில் பார்த்தது 2019-ல் யூடியூபில் வெளியாகி உலகமெங்கும் போய்ச் சேர்ந்த ‘முஜோ நோ ஸ்காட்’. வாஜிமா கிமோனோ உடுத்தியிருக்கிறார். சுசுகி மொட்டைத்தலையும் வெள்ளை பூசிய முகமுமாக, பௌத்தத் துறவிபோல. நொபு நகாஜிமா டிரம்ஸ். மூன்றே பேர். ரிஃப் சபத்தின் வழியில் வந்ததுதான், பாரம் தூக்கிய மாட்டுவண்டியைப்போல அவசரமில்லாமல் நகர்கிறது. ஆனால் பல்லவி வரும் இடத்தில் சொற்களே இல்லை, வெறும் அசைகள். இழப்பைச் சொல்லச் சொல் கிடைக்காத இடத்தில் ஒரு மனிதன் அசைகளை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பதாக எனக்குக் கேட்டது. பொருள் தேடிப் படிப்பதற்கு முன்பே தொண்டை அடைத்தது. அந்தப் பாட்டு வந்தபோது அவர்கள் தொடங்கி முப்பது வருடம் தாண்டியிருந்தது. இடையில் பல வருடங்கள் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே ஆல்பம் வெளியிட்டுவந்தார்கள். முதல் வெளிநாட்டுப் பயணமாக ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் போனது 2020 பிப்ரவரியில்தான்.

சில பாட்டுகளை ட்சுகாரு வட்டார வழக்கிலேயே பாடுகிறார்கள். டோக்கியோக்காரர்களுக்கே எளிதில் விளங்காத பேச்சு அது. எனக்கு எந்த ஜப்பானியமும் விளங்காது என்றாலும், வழக்கு மாறும்போது ஒலி மாறுவது ஐந்தாறு முறை கேட்டபின் பிடிபட்டது. மூக்கொலி கூடுகிறது, சொற்கள் ஒன்றோடொன்று உரசிக் குழைகின்றன.

இன்னொன்று கிட்டாரில் இருக்கிறது. ட்சுகாரு ஷாமிசென் என்ற மூன்று நரம்புக் கருவி அந்த வட்டாரத்தின் சொத்து. பார்வையற்ற ஊர்சுற்றிக் கலைஞர்கள் வீட்டு வாசல்களில் வாசித்து வளர்த்தது. ‘பாச்சி’ என்ற பெரிய தகட்டால் நரம்பை அடிக்கும்போது அடி நரம்போடு நிற்பதில்லை, கீழே இழுத்துக் கட்டிய தோலிலும் போய் விழுகிறது. எனவே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பறையடி கூடவே கேட்கும். வாஜிமா தன் கிட்டார் தனியாவர்த்தனங்களில் இந்த வாசிப்பைக் கொண்டுவருகிறார். முதலில் எனக்கு அது வேகமாக வாசிக்கிறார் என்று மட்டும்தான் பட்டது. ஷாமிசென் பதிவுகளை ஒரு வாரம் தனியாகக் கேட்டுவிட்டுத் திரும்பிய பிறகுதான், எந்த இடத்தில் கிட்டார் ஷாமிசெனாக மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

ஆகஸ்டில் ஒரு நஷ்டம். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஜப்பானியக் கச்சேரி டிவிடி ஒன்று வாங்கினேன். முதுகில் ‘ஓபி’ என்ற காகிதப் பட்டையோடு, மடிப்புக் கலையாமல் வந்தது. பிளேயரில் போட்டால் ஓடவில்லை. டிவிடிகளை உலக மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்; ஜப்பான் டிவிடிகள் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். எல்லா மண்டலத்துக்கும் ஓடும் பிளேயரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்க மூன்று வாரம் ஆனது. வாங்க நினைப்பவர்கள் முதலில் மண்டல எண்ணைக் கேட்டுவிடுங்கள். ப்ளூ-ரேயிலும் ஜப்பான் ஏ, நாம் சி.

ஸை குழுவைப் பற்றி, மெட்டலின் கரடுமுரடான கிளையான பிளாக் மெட்டலின் நார்வே வரலாற்றைப் படித்த நாளிலேயே அறிந்திருக்க வேண்டும். மிராய் கவாஷிமாவின் இந்த டோக்கியோ குழு, 1993-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது நார்வேயின் மேஹெம் குழுவைச் சேர்ந்த யூரோனிமஸ் நடத்திய நிறுவனத்தின் வழியாக. யூரோனிமஸ் கொலையுண்டதும் அதே ஆண்டு. அந்தக் கதையில் மட்டும் அவர்களை நிறுத்திவைத்தால் நமக்குத்தான் நஷ்டம். 2001-ல் வந்த ‘இமேஜினரி சோனிக்ஸ்கேப்’ ஆல்பத்தில் பிளாக் மெட்டல் குரலுக்குப் பக்கத்தில் பழைய சிந்தசைஸரும் ஆர்கனும் வந்து உட்கார்கின்றன. 2022-ல் வந்த ஆல்பத்தின் பெயர் ‘ஷிகி’. ஜப்பானியத்தில் எந்த எழுத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அது நான்கு பருவங்களும் ஆகும், இறக்கும் வேளையும் ஆகும். முதுமையும் சாவும் பற்றிய ஆல்பம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தன் தாய்மொழியில் அதைப் பாடுகிறார். இருபது வயதில் கேட்டிருந்தால் எனக்கு இது பிடிபட்டிருக்காது.

அக்டோபரில் போரிஸ். தகேஷி, வாதா, அட்சுவோ மூவரும். அமெரிக்காவின் மெல்வின்ஸ் குழுவின் ஒரு பாட்டிலிருந்து பெயர் எடுத்தவர்கள். 1996-ல் வந்த ‘அப்சொலுடீகோ’ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டு. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம் ஸ்பீக்கரில் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர் மெல்ல ரீங்கரிக்கத் தொடங்கியது. ஒலியைக் குறைக்கவில்லை. சிறிது நேரத்தில் காது கேட்பதை விட்டுவிட்டு, நெஞ்செலும்பு கேட்கத் தொடங்கியது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது 2000-ல் வந்த ‘ஃப்ளட்’. எழுபது நிமிடம், நான்கு பகுதிகள். முதல் பகுதியில் கிட்டாரில் ஒரு சின்னச் சுர வரிசை, அவ்வளவுதான். அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. அதே வரிசை இன்னொரு கிட்டாரிலும் ஓடுகிறது, இரண்டும் மயிரிழை விலகத் தொடங்குகின்றன. முதலில் எதிரொலி போலிருக்கிறது. பிறகு ஒன்று மற்றொன்றைத் துரத்துகிறது. பிறகு யாரும் வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று அந்த இடைவெளியில் எழுகிறது. விலகியவை மெல்லச் சுற்றிவந்து சேரும்போது, வீட்டுத் திண்ணையில் மழை நின்ற பிறகு ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் நீர் ஒரு கணம் ஒரே தாளத்தில் விழுமே, அந்த உணர்வு. மூன்றாவது பகுதியில் கனமான கிட்டார் இறங்கும்போது வெள்ளம் என்ற தலைப்புக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள். இதற்கு ஓர் அறையும் அறைக்குள் காற்றும் வேண்டும்.

இப்போது நவம்பர். நோட்டில் 112 பக்கம் முடிந்திருக்கிறது. அடுத்து கேட்க ஃப்ளவர் டிராவலிங் பேண்டின் 1971 ஆல்பம் ‘சதோரி’யை எடுத்துவைத்திருக்கிறேன். அதில் கிட்டார் வாசித்த ஹிதேகி இஷிமா பிற்காலத்தில் சிதாரையும் கிட்டாரையும் இணைத்து ‘சிதார்லா’ என்ற கருவியையே கையில் எடுத்தவர். அதற்குப் பிறகு டோக்கியோவின் சர்ச் ஆஃப் மிஸரி, காஃபின்ஸ் குழுக்கள்.

இடையில் தினமும் அரை மணி நேரம் கிட்டாரில் ஷாமிசென் வாசிப்பைப் பழகுகிறேன். வலது கையால் ஓங்கி ஒரு அடி, உடனே இடது கை விரலாலேயே நரம்பைச் சுண்டி அடுத்த சுரம். ஷாமிசென்காரர்கள் அந்தச் சுண்டலை ‘ஹஜிகி’ என்கிறார்கள். என் மோதிர விரல் இன்னும் மற்ற விரல்களுக்குச் சமமாகச் சுண்டவில்லை, அந்த ஒரு சுரம் மட்டும் மங்கலாக விழுகிறது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கி 76-க்கு வந்திருக்கிறேன். நாளை 78.