கல்லும் அளவும்: கோடைக் குறிப்புகள்

ஏப்ரல் 3

கத்திரி வெயிலுக்கு முன்பே கல் வலிக் காலம் தொடங்கிவிடுகிறது. வியர்வையில் நீர் போய்விட, சிறுநீர் சுண்டுகிறது. சுண்டிய சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் ஒன்றையொன்று பிடித்துப் படிகமாகின்றன. இந்தக் கோடை முடியும்வரை சிறுநீரகக் கல் பற்றிய ஆய்வுகளைத் தேதி போட்டு எழுதுகிறேன். எந்த ஆய்வானாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் முடிவைப் பார்க்க வேண்டும்: இவர்கள் எதை அளந்தார்கள்?

முதலில் வலி. கத்தார் நாட்டின் தோஹாவில் 1,645 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வந்தது. டைக்ளோஃபினாக் 75 மி.கி. தசை ஊசி, பாராசிட்டமால் 1 கிராம் நரம்பு வழி, மார்ஃபின் கிலோவுக்கு 0.1 மி.கி. நரம்பு வழி என்று மூன்று பிரிவு. அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 68, 66, 61 சதவீதம். அடைப்பு ஏற்பட்டதும் சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகி, ரத்த ஓட்டமும் சிறுநீர் உற்பத்தியும் கூடி, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. டைக்ளோஃபினாக் அந்த வேரிலேயே கை வைக்கிறது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் அது கூடாது, அங்கே பாராசிட்டமால்.

வலி நேரத்தில் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினால் கல் தள்ளிக்கொண்டு வெளியே வராது. வாந்தியில் இழந்ததை ஈடுகட்டினால் போதும்.

ஏப்ரல் 8

அல்ட்ராசவுண்டா, சி.டி.யா? அமெரிக்காவில் 15 அவசரப் பிரிவுகளில் 2,759 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தவர்களுக்கு ஆபத்தான நோய் தவறிப்போவது கூடவில்லை, கதிர்வீச்சு குறைந்தது. ஆனால் அல்ட்ராசவுண்டில் சிறிய கல் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிடும். கீழ்க்குழாய்க் கல்லைப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிவெடுக்கும் முன் குறைந்த கதிர்வீச்சு அளவில் ஒரு சி.டி. தேவை. அறிக்கையில் கல்லின் மில்லிமீட்டர் மட்டும் போதாது, கல்லின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணும் வேண்டும். 500-க்குக் கீழ் என்றால் யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். 1,000-ஐத் தாண்டினால் உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலைக்கு எளிதில் உடையாது.

அடைப்போடு காய்ச்சலும் இருந்தால் இந்த விவாதம் எதற்கும் நேரமில்லை. அன்றே சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் போட்டோ, முதுகு வழியாகக் குழாய் வைத்தோ சீழை வடிக்க வேண்டும். கல்லை எடுப்பது பிறகு. அந்த நேரத்தில் கல்லை உடைக்கப் போனால் கிருமி ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஏப்ரல் 15

சிறுநீர்க்குழாயின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கல்லை இறக்குமா? மூன்று ஆய்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால்தான் விளங்கும்.

பிரிட்டனில் 24 மருத்துவமனைகள், 1,167 பேர், 10 மி.மீ. வரையிலான குழாய்க் கற்கள், 2015. நான்கு வாரத்தில் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படாதவர்கள்: டாம்சுலோசின் 81 சதவீதம், தசையைத் தளர்த்தும் இன்னொரு மாத்திரையான நிஃபெடிபின் 80, மருந்தில்லாத வெற்று மாத்திரை 80. அமெரிக்காவில் 512 பேர், 9 மி.மீ.க்குக் கீழ், 2018. கல் வெளியேறியவர்கள் டாம்சுலோசினில் 50 சதவீதம், வெற்று மாத்திரையில் 47. சீனாவில் 3,296 பேர், கீழ்க்குழாயில் 4 முதல் 7 மி.மீ. வரையிலான கற்கள், அதே 2018. அங்கே 86-க்கு 79 சதவீதம், டாம்சுலோசினுக்குச் சாதகம். அந்தப் பலனும் 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களில்தான்.

இவை ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டன் ஆய்வில் பெரும்பாலான கற்கள் 5 மி.மீ.யும் அதற்குக் கீழும். அவை மாத்திரை இல்லாமலே இறங்கிவிடும், எதைக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. அங்கே எண்ணியதும் சிகிச்சை தேவைப்பட்டதா என்பதைத்தான், கல் போய்விட்டதா என்பதை ஸ்கேனில் பார்த்து எண்ணவில்லை. ஆகவே 4 மி.மீ. கல்லுக்கு இந்த மாத்திரை எழுதுவது வீண். கீழ்க்குழாயில் 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் எழுதலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், ஆண்களுக்கு விந்து வெளிப்படுவது குறையலாம்; இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 24

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. கல் மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை, இதைவிட அதிகம் கெட்டுப்போகும் சோதனையும் இல்லை.

காலை ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட வேண்டும். அதன்பின் ஒரு சொட்டு விடாமல் கேனில். மறுநாள் ஆறு மணிக்கு வரும் முதல் சிறுநீர் கேனுக்குள் போகவேண்டும், அத்தோடு முடிந்தது. இரண்டு நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்துவிட்டால் 30 மணி நேரக் கணக்காகிவிடும். மலம் கழிக்கும்போது போவதை மறந்துவிடுவதும், வேலைக்குப் போன இடத்தில் விட்டுவிடுவதும் எதிர்ப்பக்கப் பிழைகள். பரிசோதனை என்பதற்காக அன்று மட்டும் நான்கு லிட்டர் குடிப்பதும் பிழைதான். கல் வெளியேறியோ எடுத்தோ மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தொற்று இருக்கக் கூடாது.

சேகரிப்பு சரியா என்று, தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியேட்டினினே காட்டிக்கொடுக்கும். ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., பெண்களுக்கு 15 முதல் 20. 70 கிலோ ஆணின் கேனில் 1,400-க்கும் 1,750-க்கும் இடையே இருக்க வேண்டும். 900 வந்தால் மற்ற எண்கள் எதையும் நம்பாமல் மறுபடி சேகரிக்கச் சொல்வதே நியாயம்.

கேனில் அமிலம் விட்டுக் கொடுத்திருந்தால் அதில் நேரடியாகச் சிறுநீர் கழிக்கவே கூடாது. குவளையில் பிடித்து ஊற்ற வேண்டும். கால்சியமும் ஆக்சலேட்டும் படியாமல் இருக்கத்தான் அமிலம். அதே அமிலம் யூரிக் அமிலத்தைப் படிய வைத்துவிடும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் பயனற்றதாக்கிவிடும். அவற்றுக்குத் தனிச் சேகரிப்பு வேண்டும். அமிலமில்லாத கேன் மே மாத வெயிலில் வெளியே கிடந்தால் கிருமி பெருகி யூரியாவை அம்மோனியாவாக்கும், கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட்டைத் தின்னும். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். ஆய்வகத்தில் மாதிரி எடுக்குமுன் கேனை நன்றாகக் குலுக்காவிட்டால் படிகம் அடியிலேயே தங்கிவிடும்.

முடிவு வந்ததும் நான் முதலில் பார்ப்பது மொத்த அளவை, அடுத்து சோடியத்தை. சோடியம் 200 மில்லிமோல் என்றால் ஏறக்குறைய 11.7 கிராம் உப்பு. சோடியம் 100 மில்லிமோல் கூடும்போது சிறுநீரில் கால்சியம் சுமார் 40 மி.கி. கூடுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்த எண்ணில்தான் வந்து நிற்கின்றன.

மே 3

கால்சியக் கல் என்பதால் பால், தயிரை நிறுத்தச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. இத்தாலியில் போர்கி குழுவினர் 120 ஆண்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல் 1,200 மி.கி. வைத்துக்கொண்டு உப்பையும் மாமிசப் புரதத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. பசலைக்கீரை சாப்பிடும் வேளையிலேயே தயிரும் சாப்பிடுவது நல்லது.

மே 4

நேற்றையதன் தொடர்ச்சி. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரில் கால்சியத்தைக் குறைப்பதால் பல பத்தாண்டுகளாகத் தரப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் 12.5, 25, 50 மி.கி. என்று கொடுத்துப் பார்த்து 2023-இல் முடிவு வந்தது. சுமார் மூன்று ஆண்டில் கல் திரும்பியவர்கள்: வெற்று மாத்திரையில் 59 சதவீதம், மருந்தில் 59, 56, 49. பொட்டாசியம் குறைவும் கவுட் என்ற மூட்டு நோயும் புதிதாகச் சர்க்கரை நோயும் மருந்துப் பிரிவுகளில் அதிகம். எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் காலம் முடிந்தது என்றே சொல்வேன்.

மே 12

சிறுநீரகத்துக்குள் மெல்லிய கருவியை விட்டுக் கல்லைத் தூளாக்கும் லேசர். வாட் என்பது ஒரு துடிப்பின் ஜூலை விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதால் பெருக்கி வருவது. 1 ஜூல், 20 துடிப்பு என்றால் 20 வாட். அந்தச் சக்தியெல்லாம் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். சிறுநீரகத்துக்குள் 10 மி.லி. நீர் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 வாட் அதை விநாடிக்கு அரை டிகிரி சூடாக்கும். 37 டிகிரியிலிருந்து 44-க்குப் போகப் பதினைந்து விநாடி போதும். கருவி வழியே 24 டிகிரி நீர் நிமிடத்துக்கு 15 மி.லி. ஓடினால், 43 டிகிரிக்குள் நிறுத்திவைக்க அது 20 வாட்டை மட்டுமே அள்ளிக்கொண்டு போகும். 30 வாட் வைத்தால் நீரும் கூட வேண்டும்.

43 டிகிரியில் 120 நிமிடம் என்பது திசு கெடும் வரம்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 47-இல் ஏழரை நிமிடம், 50-இல் ஒரு நிமிடம்கூட இல்லை. துலியம் ஃபைபர் லேசர் மெல்லிய இழையில் ஓடுவதால் கருவியின் துளையில் நீருக்கு அதிக இடம் கிடைக்கிறது. ஆனால் வெப்பக் கணக்கு அதற்கும் இதேதான். லேசரை இயக்கும் மிதியைத் தொடர்ந்து அழுத்தாமல் இடைவெளி விடுவது செலவில்லாத பாதுகாப்பு.

நீரைக் கூட்டினால் அழுத்தம் ஏறும், அது மறுபக்க ஆபத்து. சுமார் 40 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு மேல் கிருமியோடு நீர் ரத்தத்துக்குள் புகுகிறது. பாட்டிலை 60 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால் உள்ளே 60 வரை ஏறிவிடும். கையால் சிரிஞ்சை அழுத்தினால் அதற்கும் மேலே.

மே 13

கருவி போகும் குழாயே உறிஞ்சவும் செய்யும் வளையும் உறிஞ்சு உறைகள் வந்திருப்பது இதனால்தான் முக்கியம். நுனி கருவியோடு சேர்ந்து வளைந்து சிறுநீரகத்தின் அறைவரை போகும், தூளையும் நீரையும் ஒரே வழியில் இழுத்துக்கொள்ளும். உறிஞ்சுதல் மிதமிஞ்சினால் உட்சவ்வு நுனியில் ஒட்டி ரத்தம் கசியும், பார்வை மங்கும்.

மே 22

ஒரு பக்கம் பெரிய கல்லை எடுக்கும்போது மறுபக்கத்துச் சின்னக் கல்லை என்ன செய்வது? 6 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவைப்பதே பழைய வழக்கம். 2022-இல் வந்த 73 பேர் ஆய்வில் அதையும் எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்கும், விட்டுவைத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கும் தொல்லை திரும்பியது. கூடுதல் நேரம் சுமார் 26 நிமிடம். தொல்லை என்பதில் அவசரப் பிரிவுக்கு வந்ததும், அறுவை சிகிச்சையும், கல் வளர்ந்ததும் சேர்த்தே எண்ணப்பட்டன. சின்ன ஆய்வுதான். ஆனால் வித்தியாசம் பெரிது.

ஜூன் 5

எலுமிச்சை. இத்தாலியில் 203 பேர், தினமும் இருமுறை 60 மி.லி. சாறு, இரண்டு ஆண்டு. கல் திரும்புவது குறைவதுபோல் தெரிந்தாலும் உறுதிப்படும் அளவுக்கு இல்லை. நாளாக நாளாகச் சாற்றைக் கைவிட்டவர்கள் அதிகம். வாழைத்தண்டுச் சாற்றையும் நீர்க் கணக்கில் சேர்க்கலாம். 1996-இல் போர்கி குழு காட்டியது வெறும் தண்ணீரின் பலனை: தினமும் இரண்டு லிட்டர் சிறுநீர் போகும்படி குடித்தவர்களில் ஐந்து ஆண்டில் கல் திரும்பியவர்கள் 12 சதவீதம், மற்றவர்களில் 27. இன்றைய வழிகாட்டிகள் இரண்டரை லிட்டர் என்கின்றன. குடித்ததை அல்ல, போனதை அளக்க வேண்டும்.

ஜூன் 9

யூரிக் அமிலக் கல் ஒன்றுதான் மருந்திலேயே நன்றாகக் கரையும். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் பி.எச்.சை 6.5-க்கும் 7-க்கும் இடையே நிறுத்த வேண்டும். நிறம் மாறி பி.எச்.சைக் காட்டும் பட்டைத்தாளில் நாளுக்கு மூன்று முறை, அப்போதுதான் கழித்த சிறுநீரில் பார்க்க வேண்டும். வைத்த சிறுநீர் பொய் காட்டும். ரத்தத்தில் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் இடையிடையே பார்க்க வேண்டும். பட்டை 7-ஐத் தாண்டிக் காட்டிக்கொண்டே இருந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும். கால்சியம் பாஸ்பேட் கல்லின் மேல் ஓடுபோலப் படிந்துவிட்டால், உள்ளே இருப்பது யூரிக் அமிலமே ஆனாலும் மருந்து அதைப் போய்த் தொடாது.