அக்காவின் பால் சங்கு

போன மாதம் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு இடப்பக்கம் மூக்குவரை பிளந்திருக்கிறது. பார்க்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா?" 2025 செப்டம்பர் 7 ராத்திரி சந்திர கிரகணம் வந்ததே, அதைச் சொல்கிறார்கள். அந்தப் பெண் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாளாம். சரி, தூக்கத்தில் புரண்டு படுத்தாயா என்று அடுத்த கேள்வி. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, ஏனென்றால் பதினைந்து வருடம் முன்னால் என் அக்காவை இதே மாதிரி உட்காரவைத்துக் கேட்டார்கள், அன்றைக்கு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2010 ஜனவரி 15. பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. எங்கள் ராமேஸ்வரம் கரையில், அக்னி தீர்த்தத்தில் ஒரு பக்கம் கூட்டம், தனுஷ்கோடியில் தொலைநோக்கியும் கறுப்புக் கண்ணாடியுமாக வெளியூர்க்காரர்கள் ஒரு பக்கம். கங்கண சூரிய கிரகணம் நம் கரைக்கு நேர் மேலே வந்த நாள் அது. மதியம் ஒரு மணிக்கு மேல் பத்து நிமிஷம் போல சூரியன் வளையல் மாதிரி நின்றது. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள், பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் அத்தனையும் கெட்டுப்போகும் என்று அரிவாள்மனையை விட்டு எழவில்லை. ஏப்ரலில் பாப்பா பிறந்தாள், உதடும், அண்ணம் என்கிற வாயின் மேற்கூரையும் பிளந்து. அக்காவின் மாமியார் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்: "அரிவாள்மனையில உக்காந்தால்ல, அதான் பிள்ளை உதட்டை அறுத்துருச்சு."

அக்கா அதை நம்பினாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. பாப்பா அழும்போதெல்லாம் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் பிள்ளையின் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் தனித்தனி மடிப்பாக வளர்ந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டுகிறது. மேலுதடு ஒட்டுவது கரு உண்டான நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். உள்ளே அண்ணம் மூன்று மாதம் முடிவதற்குள் மூடிவிடும். உதடு ஒட்டும் அந்த நேரத்தில் பலருக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே உறுதியாகத் தெரியாது. ஏப்ரலில் பிறந்த எங்கள் பாப்பாவுக்கு உதடு ஒட்டியிருக்க வேண்டியது ஆவணியில். தையில் வந்த கிரகணம் ஆவணியில் நடந்ததை எப்படிக் கெடுக்கும்? காரணம் என்று டாக்டர்கள் சொல்பவை வேறு: பரம்பரை, ஃபோலிக் ஆசிட் குறைவு, புகை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், கட்டுப்படாத சர்க்கரை. பல பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று எதையுமே காட்ட முடியாது. மீன் கீறியது அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

முதல் பெரிய பாடு பால் கொடுப்பதுதான். அண்ணத்தில் ஓட்டை இருந்தால் வாய்க்குள் காற்று நிற்காது, பிள்ளையால் உறிஞ்ச முடியாது. பாப்பா அரை மணி நேரம் போராடிக் களைத்துத் தூங்கிவிடுவாள், குடித்த கொஞ்சமும் மூக்கு வழியாக வந்துவிடும். மதுரையில் ஒரு நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார்: பாலைப் பீய்ச்சி எடுத்து, பிள்ளையைக் கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் மடியில் சாய்த்து, பாலாடையால் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, விழுங்கியதும் அடுத்தது, நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடவை. எங்கள் வீட்டில் பாலாடை இல்லை, அம்மா எங்களுக்குப் பால் புகட்டிய சங்கு இருந்தது. கீழக்கரைப் பக்கம் குளித்து எடுத்த சின்ன வெண்சங்கு, நுனி வழவழவென்று தேய்ந்துபோனது. அதைக் கொதிக்கவைத்து எடுத்து அக்கா புகட்டுவாள். ஒரு வேளைப் பால் உள்ளே போக முக்கால் மணி நேரம், ராத்திரியும் பகலுமாக எட்டு ஒன்பது வேளை. அங்கன்வாடித் தராசில் 100 கிராம் கூடியிருந்தால் அன்றைக்கு வீட்டில் திருவிழா.

எடைக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்றால், உதட்டு ஆபரேஷனுக்கு டாக்டர்கள் பார்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 10 வாரம், 10 பவுண்டு எடை, அதாவது நாலரைக் கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10. பாப்பாவுக்கு மூன்றரை மாதத்தில்தான் அது கூடிவந்தது. ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறி, பாம்பன் பாலக் காற்றில் பறக்கும் துண்டை அக்கா பிள்ளை முகத்தின் மேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள். அந்தத் துண்டை நான் மறக்கமாட்டேன், நீலக்கட்டம் போட்டது.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. உதடு சேர்ந்திருக்கிறது, மூக்குத் துவாரம் உருண்டு வந்திருக்கிறது, கறுப்பு நூல் தையல் வரிசையாகத் தெரிகிறது, எல்லாரும் சந்தோஷப்படுகிறோம், அக்கா மட்டும் அழுகிறாள். "என் பிள்ளை சிரிப்பு எங்கடா?" என்று கேட்டாள். மூன்றரை மாதமாக அவள் பார்த்துப் பழகிய அகலச் சிரிப்பு போய்விட்டது, மடியில் இருப்பது யாரோ ஒரு பிள்ளை. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, நிறையத் தாய்மார் இப்படித்தான் அழுகிறார்கள், இரண்டு நாளில் இந்த முகமும் உன் பிள்ளை முகம் ஆகிவிடும் என்றார். ஆகிவிட்டது. பிள்ளை தையலைத் தொடாமல் இருக்க முழங்கை மடங்காதபடி இரண்டு கையிலும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், அந்த அட்டைக் கையால் பாப்பா அக்காவின் தோளில் தட்டிக்கொண்டே வந்தாள் ஊர் வரைக்கும். தழும்பு அடுத்த சில மாதம் சிவந்து தடித்துப் பயமுறுத்தும், பிறகு மெல்ல வெளுக்கும். அதைப் பார்த்து ஆபரேஷன் கெட்டுப்போனது என்று பதறவேண்டாம்.

இதோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அண்ணம் பாக்கி. உதட்டைத் தைத்ததும் வெளியே அழகாகிவிட்டதே, உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று அண்ணத்தை அப்படியே விட்டுவிட்டவர்களை நம் கரையிலேயே எனக்குத் தெரியும். தயவுசெய்து விடாதீர்கள். அண்ணம் மூடாத பிள்ளை பேசும்போது காற்று மூக்கு வழியாக ஓடிவிடும். ப என்று சொல்ல உதட்டுக்குப் பின்னால் காற்று தேங்க வேண்டும், தேங்காவிட்டால் அது ம ஆகிவிடும். பாப்பாவுக்கு சளியும் காய்ச்சலுமாக ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போய் ஒன்றரை வயதில்தான் அண்ணம் தைத்தார்கள். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். மச்சான் கடலுக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்றால் "அம்மா" என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டது அப்பா. மச்சானுக்கு அது தெரியும், சிரித்துக்கொண்டே தூக்குவார், அப்புறம் வலை பிரிக்கப் போகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

தைத்த பிறகும் பேச்சு தானாகத் திரும்பவில்லை, பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டது. மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி பிடித்து, ப சொல்லும்போது கண்ணாடியில் ஆவி படிகிறதா என்று பார்க்கவேண்டும், படிந்தால் காற்று இன்னும் மூக்கு வழியாகப் போகிறது என்று அர்த்தம். படகு, பாட்டி, பப்பாளி. ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் சாயங்காலம் இதுதான். காதையும் சோதிக்கவேண்டும், அண்ணப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு காது மந்தமாவது சகஜம். மூன்று வயதில் என் மடியில் உட்காரவைத்துத்தான் பாப்பாவுக்குக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஊரே கேட்கும்படி "போ! போ!" என்று கத்தினாள், சுத்தமான ப. அழுகிற பிள்ளையைப் பார்த்து அத்தனை பேர் சிரித்த காதுகுத்து வேறு எதுவும் இருக்காது.

மூன்றாவது ஆபரேஷன் ஒன்பது வயதில், 2019 கடைசியில். மேல் ஈறில் எலும்பு இல்லாமல் இருக்கும் இடைவெளியில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால், பெரும்பாலும் எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள். இந்தத் தடவை அவளோடு இன்னொருவரும் மதுரைக்கு வந்தார், என் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு மூக்கின் இடது மடலில் கறுப்பாக ஒரு புண். ஓரம் மட்டும் முத்துமாதிரி மினுமினுக்கும், லேசாக ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், ஆறியதுபோல் இருந்து மறுபடி உடையும். தூண்டில் முள் கீறியது என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தலைப்பாகைத் துண்டின் முனையை எடுத்து மூக்கின் மேல் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வீட்டில் யார் சொல்லியும் கேட்காதவரை பாப்பாதான் கிளப்பினாள். "எங்க டாக்டர் மூக்கு வாய் எல்லாம் பார்ப்பாரு, வா தாத்தா." துளி சதை எடுத்துச் சோதித்ததில் அடித்தோல் செல் புற்று என்று வந்தது. நாற்பது வருஷக் கடல் வெயில். நம்மைப்போல் கறுத்த தோலுக்குத் தோல் புற்று வராது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. குறைவாக வரும், வராமல் இருக்காது. இந்த வகை உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவுவது மிகவும் அபூர்வம், ஆனால் இருக்கிற இடத்தைக் கரையான்போல் தின்னும். ஆறாத புண் எதுவானாலும், ஒரு மாதம் தாண்டினால் காட்டிவிடுங்கள்.

புற்றையும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்ததில் மூக்கு மடல் போய்விட்டது. நெற்றியிலிருந்து ஒரு பட்டை தோலை எடுத்து, புருவத்தின் உள்முனையில் ரத்தக்குழாயோடு அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்கில் தைத்தார்கள். மூன்று வாரம் அந்தப் பாலம் அப்படியே இருக்கவேண்டும், மூக்கில் புது ரத்த ஓட்டம் பிடித்த பிறகுதான் வெட்டிவிடுவார்கள். அந்த மூன்று வாரம் மூக்கில் ஈ உட்கார்ந்தால் சித்தப்பா நெற்றியை விசிறுவார். தோல் இறங்கிவிட்டது, அதன் நரம்பு இன்னும் நெற்றி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. பாப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் அவர் மூக்கைத் தொட்டு "எங்க தொடுறேன் சொல்லு" என்று விளையாடுவாள்.

இந்த வேலை நம் நாட்டில் பிறந்ததுதான். அறுந்த மூக்கைத் தோல் வைத்துச் சீராக்குவது சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனேயில் பரம்பரையாக இந்த வேலை தெரிந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு செய்தார். அந்தச் செய்தி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது, அதைப் பார்த்துத்தான் கார்ப்யூ என்ற டாக்டர் 1814இல் அங்கே செய்து பார்த்தார். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "வண்டிக்காரனுக்கே செஞ்சிருக்கான், அப்ப எனக்கும் ஆகும்" என்றார். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்கள் காசு கொடுத்துச் செய்துகொள்வது என்றே அதுவரை நினைத்திருந்தாராம்.

காயம்பட்டவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், நம் கரையில் இதில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். உதடோ காதோ துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஐஸ் பெட்டிக்குள் நேராகப் போடாதீர்கள், ஐஸ் நேரே பட்டால் சதை செத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைத்து உடனே கிளம்புங்கள். ராத்திரி விளக்கு வைத்துப் பிடிக்கும்போது முரல் மீன் பாய்ந்து கன்னத்தில் குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டுத் தூங்கப் போகக்கூடாது, அலகு நுனி உள்ளே ஒடிந்து நிற்கும், படம் எடுத்துப் பார்க்கவேண்டும். காபித்தூள், மஞ்சள் எதுவும் முகக் காயத்தில் வேண்டாம்.

காசுக்காகத் தள்ளிப்போடுபவர்களுக்கு: உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆபரேஷனை ஸ்மைல் டிரெயின் அமைப்பு தன்னோடு சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. 2013இலிருந்து பிள்ளைகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இந்தக் குறையும் உண்டு, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

பாப்பாவுக்கு இப்போது பதினைந்து. மூக்கு நுனி இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, வளர்ச்சி முடிந்ததும் வேண்டுமானால் சரிசெய்யலாம் என்றிருக்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்லவேண்டும், இன்னும் சொல்லவில்லை. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது மாமா, போட்டோ மட்டும் போடாத" என்றாள்.

அந்தப் புதுப் பிள்ளை வீட்டுக்கு அக்கா போன ஞாயிற்றுக்கிழமை போனாள். முதல்நாள் ராத்திரியே டிரங்குப் பெட்டியைத் திறந்து சங்கை எடுத்து, கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் பிள்ளை முகத்தின் மேல் துணியை இழுத்தாள். அக்கா எதுவும் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, துணியை மெல்ல விலக்கி, "எடை எவ்வளவும்மா இருக்கா?" என்று கேட்டாள்.