சுரங்கக் கழிவுநீரிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் பாக்டீரியாவைக் கொண்டு பிரித்த அனுபவம்

சுரங்கத்திலிருந்து கசியும் அமில நீரில் செம்பும் துத்தநாகமும் இரும்பும் சல்பேட்டுடன் சேர்ந்து கரைந்திருக்கும். சுண்ணாம்பு இட்டால் அவையெல்லாம் ஒரே சேறாகப் படிந்துவிடும். அந்தச் சேற்றிலிருந்து ஓர் உலோகத்தைத் தனியே மீட்பது பெரும்பாடு. ஆகவேதான் ஆய்வகத்தில், சல்பேட்டை ஒடுக்கி (அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி) ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும் பாக்டீரியாவைப் பயன்படுத்திப் பார்த்தேன். அந்த வாயு, கரைந்த உலோகங்களோடு சேர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகச் சல்பைடாகப் படியவைக்கும்.

கரைந்த செம்பு சிறிதளவு இருந்தாலும் இந்த நுண்ணுயிர்கள் முடங்கிவிடும் என்பதால், அவற்றையும் கழிவுநீரையும் ஒரே கலனில் சேர்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். ஒரு குட்டையின் கரிய அடிச்சேற்றை விதையாக இட்டு, பாக்டீரியாவுக்கு உணவான லாக்டேட்டும் சல்பேட்டும் கலந்த ஊடகத்தைக் காற்றுப் புகாத கலனில் நிரப்பினேன். ஆக்சிஜனற்ற நிலையைக் காட்டும் ஒடுக்க மின்னழுத்தம் -200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் மிகும்) 7 அளவில் கரைந்த சல்பைடில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன் சல்பைடாகவே இருப்பதால், நைட்ரஜனைச் செலுத்தி அதை வெளியேற்றி, பக்கத்துக் கலனில் இருந்த அமில நீருக்குள் குமிழியிட வைத்தேன்.

நான் எதிர்பார்த்த கருமை உடனே வரவில்லை. நீர் முதலில் பால்போல் வெளுத்தது. நீரிலிருந்த ஃபெரிக் இரும்பு (மூன்று நேர்மின்னேற்றம் கொண்டது) சல்பைடைக் கவர்ந்து, தான் ஃபெரஸாக (இரண்டு நேர்மின்னேற்றம் கொண்டதாக) மாறி, கந்தகத்தை நுண்துகள்களாக விட்டிருந்தது. இந்தச் செலவைக் கணக்கில் கொள்ளாமல் சல்பைடின் தேவையை மதிப்பிட்டால் கணக்கு உதைக்கும். அதன்பின், பிஎச் 2 அளவிலேயே செம்பு சல்பைடு கருநிறமாகத் திரண்டது. வாயுவை வேகமாக விட்டால் துகள்கள் மிக நுண்ணியவையாகி வடிதாளை அடைத்துவிடும். மெதுவாக விட்டபோதுதான் நன்றாகப் படிந்தன.

துத்தநாகம் அவ்வளவு எளிதில் வரவில்லை. உலோகம் சல்பைடாக வீழ்படியும்போதெல்லாம் அமிலமும் உண்டாவதால் பிஎச் இறங்கிக்கொண்டே இருந்தது. பாக்டீரியா சல்பேட்டை ஒடுக்கும்போது, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் உண்டாகிறது. பாக்டீரியா இருந்த கலனின் நீரையே சிறிது சிறிதாகச் சேர்த்து, பிஎச்சை 4-ஐ ஒட்டி நிறுத்தியபோது துத்தநாக சல்பைடு வெளிர்நிறத்தில் படிந்தது. ஃபெரஸ் இரும்பு கரைசலிலேயே நின்றது. அதை இறுதியில் சுண்ணாம்பால் வீழ்த்தினேன்.

ஹைட்ரஜன் சல்பைடு நச்சுவாயு; அதன் விஷயத்தில் மூக்கை நம்பக்கூடாது. ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மோப்பமே மரத்துப்போகும். ஆகவே எச்சவாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியே செலுத்தியதோடு, 10 பிபிஎம்மில் ஒலிக்கும் உணர்கருவியையும் கலனருகே வைத்தே வேலை செய்தேன்.