சுண்ணாம்பு நானோ துகள்கள்: ஜெலுத்தோங் சமையலறையில் ஆறு வாரங்கள்

வீட்டிலேயே நானோ துகள்களைச் செய்து பார்க்க நினைத்து, சமையல் உப்பில்தான் தொடங்கினேன். அது தவறான தேர்வு என்பது புரிவதற்கே இரண்டு வாரங்கள் ஓடிவிட்டன. உப்பு நீரில் நன்றாகக் கரையும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஏறக்குறையக் கரையாது என்பதால், தெவிட்டிய உப்புக் கரைசலை ஆல்கஹாலில் பீச்சினால் உப்பு ஒரே நொடியில் நுண்துகளாகப் பிரிந்துவிட வேண்டும். மின்னணுத் தகடுகளைத் துடைப்பதற்காக விற்கப்படும் 99 விழுக்காட்டு ஆல்கஹால், எங்கள் ஜெலுத்தோங் இருக்கும் மலேசியாவின் பினாங்கில் எளிதாகக் கிடைக்கிறது. அதில் 100 மில்லிலிட்டர் எடுத்து, அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவைத்து, ஊசி போடும் சிரிஞ்சால் 5 மில்லிலிட்டர் உப்புக் கரைசலைப் பீச்சினேன். வெண்புகைபோல் ஒரு கலங்கல் எழுந்தது. மகிழ்ச்சி பத்து நிமிடங்கூட நிலைக்கவில்லை. அடியில் மணல்போல் படிகங்கள் உட்கார்ந்துவிட்டன.

பீச்சிய கரைசலோடு சென்ற நீரே இதற்குக் காரணம். அந்த நீரில் சிறிய துகள்கள் கரைந்து, கரைந்த உப்பு பெரிய துகள்களின் மேல் போய்ப் படிகிறது. இதை ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி என்பார்கள். ஓர் உப்பு எவ்வளவு எளிதாகக் கரைகிறதோ அவ்வளவு விரைவாக இது நடக்கும். போதாக்குறைக்கு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சமையல் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கள் வீட்டில் மழை பெய்யும் மாலைகளில் ஈரமானி அதற்குக் கீழே இறங்குவதே இல்லை. எனவே எளிதில் கரையாத உப்பு ஒன்று தேவைப்பட்டது. பேரியம் சல்பேட்டைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதைச் செய்யக் கரையக்கூடிய பேரியம் உப்பு வேண்டும், அது நஞ்சு, சமையலறைக்குள் அதற்கு இடமில்லை. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு மாறினேன். சலவைச் சோடா, கால்சியம் குளோரைடு ஆகிய இரண்டின் கரைசல்களைக் கலந்தால் அது உண்டாகும்.

சலவைச் சோடாவை நானே செய்துகொண்டேன். சமையல் சோடாவை ஓவன் அடுப்பில் 200 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிவிடும். 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. எனக்கு 64 வந்ததால் இன்னும் இருபது நிமிடம் வைத்தேன். மல்லுக்கட்ட வைத்தது கால்சியம் குளோரைடுதான். தராசுத் தட்டில் 1.11 கிராம் வந்ததும் டப்பாவை மூடிவிட்டுத் திரும்பினால் 1.13 காட்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 1.14. செதில்களின் ஓரங்கள் வியர்த்ததுபோல் பளபளத்தன. அலமாரியில் ஈரம் உறிஞ்சத் தொங்கவிடும் பைகளுக்குள் இருப்பதும் இதே பொருள்தான் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அதன்பின் துல்லியமாக நிறுக்க முயல்வதை விட்டுவிட்டு, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஒரே தடவையில் ஒரு லிட்டர் கரைசலைத் தயாரித்துப் புட்டியில் அடைத்துக்கொண்டேன். கரையும்போது நன்றாகவே சுடும் என்பதால் சிறிது சிறிதாகப் போடுவது நல்லது. தண்ணீருக்குக் கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தினேன்.

லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள இரண்டு கரைசல்களையும் ஒன்றாகக் கொட்டியபோது, உறைந்த தயிர்போல் கெட்டியாக ஒரு பொருள் உண்டானது. அது இன்னும் படிகமாகாத கால்சியம் கார்பனேட்டு. சில நிமிடங்களில் தானாகவே இளகி, வெண்பொடியாக அடியில் இறங்கிவிட்டது. ஒரு துளியை மாணவர்களுக்கான நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன்: உருண்டைகளும் சாய்சதுரக் கட்டிகளும் கலந்து கிடந்தன. உருண்டைகளை வேடரைட்டு என்றும், கட்டிகளைக் கால்சைட்டு என்றும் கொள்ளலாம்; இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவங்கள். அவை கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே தோல்விதான், ஏனெனில் ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது.

செறிவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். பழைய கணினியின் விசிறியில் இரு காந்தங்களை ஒட்டிக் கலக்கும் கருவி ஒன்று செய்து, அது சுழலும்போதே சோடாக் கரைசலை ஒரே மூச்சில் பீச்சினேன். சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் தோன்றும் சில படிகக் கருக்களே வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டு பருக்கும். ஒரே மூச்சில் விட்டால் எண்ணற்ற கருக்கள் ஒரே சமயத்தில் தோன்றி இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்ளும். துகள்கள் சிறுத்தன, ஆனால் மறுநாளே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. ஒட்டாமல் தடுக்கக் கருவேலம் பிசினைச் சேர்த்த குவளையில் ஆறாம் நாள் பூஞ்சை பூத்தது. நீரில் நுண்துகள்கள் மிதந்தால் லேசர் ஒளி சிதறிக் கோடாகத் தெரியும்; அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் அந்த ஒளி அதில் அழகாகத் தெரிகிறது என்று குறித்துவைத்திருந்தேன். ஒளியைச் சிதறடித்தவை என் துகள்களா, நுண்ணுயிர்களா என்று இனி யாரால் சொல்ல முடியும்? அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

பிறகு சிட்ரேட்டுக்கு வந்தேன். சிட்ரிக் அமிலக் கரைசலில் நுரை அடங்கும்வரை சமையல் சோடாவைப் போட்டு, அதில் சில துளிகளைக் கால்சியம் கரைசலில் முன்கூட்டியே கலந்துகொண்டேன். சிட்ரேட் துகளின் மேற்பரப்பிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கிறது. இம்முறை வந்தது தயிரல்ல, நீர்மோர். ஊரிலிருந்து வந்திருந்த அக்கா குவளையை எடுத்துப் பார்த்து, "தம்பி, இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டார். அன்றே எல்லாக் குவளைகளிலும் பெயர் எழுதி ஒட்டினேன்.

அளவிடக் கருவி கிடையாது. வீழும் வேகத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஸ்டோக்ஸ் விதிப்படி, நீரைப்போல் 2.7 மடங்கு அடர்த்தியுள்ள 1 மைக்ரோமீட்டர் (1000 நானோமீட்டர்) துகள், எங்கள் வீட்டு வெப்பநிலையில் உள்ள நீரில் நாளொன்றுக்கு 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக இறங்கும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும், 0.1 மைக்ரோமீட்டர் துகள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. பகலில் சூடேறி இரவில் குளிர்ந்தால் நீரோட்டம் எழுந்து கணக்கைக் கெடுக்கும் என்பதால், மூடிய குவளையைக் குளியலறை வாளித் தண்ணீருக்குள் நிறுத்திவைத்தேன். இரண்டாம் நாள் முடிவில் கலங்கலின் மேல்விளிம்பு மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்தது. அப்படியானால் பெரும்பாலானவை 400 நானோமீட்டர் அளவினவை. துகள்கள் பஞ்சுபோல் திரண்டிருந்தால் அடர்த்தி குறைந்து, உண்மையான அளவு இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். நானோ என்று சொல்ல 100 நானோமீட்டருக்குள் வர வேண்டும். குவளையில் எழுதி ஒட்டியிருந்த 'நானோ' என்ற சொல்லை அடித்துவிட்டு 'நுண்துகள்' என்று மாற்றி எழுதினேன்.

உலர்த்திப் பொடியாக்கவும் ஒருமுறை முயன்றேன். நீர் ஆவியாகும்போது அதன் மேற்பரப்பு விசை துகள்களை நெருக்கி இறுக்கிவிடுகிறது. கிடைத்தது சாக்குக்கட்டித் துண்டு. கடைசியில் ஆல்கஹாலால் கழுவி உலர்த்தியதில் கட்டி சற்றுத் தளர்வாக வந்தது, அவ்வளவுதான். மூச்சில் போகக்கூடிய பொடியை வீட்டில் வைத்திருப்பதற்கும் எனக்கு விருப்பமில்லை.

வாளிக்குள் இருந்த குவளையை மட்டும் இருபது நாள்கள் தொடவில்லை. நேற்றிரவு, மேலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நீரைச் சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி ஒரு சோதனைக்குழாயில் விட்டேன். என் கணக்குப்படி 0.1 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை அந்த ஆழத்தைக் கடந்து இறங்கியிருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் அது வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பச்சை லேசரைச் செலுத்தியபோது, குழாயின் குறுக்கே மயிரிழைபோல் மங்கலான ஒரு கோடு நின்றது. கால்சியம் சேர்க்காமல் சிட்ரேட்டும் சோடாவும் மட்டும் கலந்து அதே வாளியில் வைத்திருந்த ஒப்பீட்டுக் குழாயில் கோடு எதுவும் தெரியவில்லை.