இம்ராலிக் கடிதமும் ஜாசனாக் கொப்பரையும்

27 பிப்ரவரி 2025

இஸ்தான்புல் ஓட்டல் ஒன்றில், துருக்கியில் சிறைப்பட்டிருக்கும் குர்துத் தலைவர் அப்துல்லா ஒச்சலானின் கடிதத்தை வாசித்தார்கள். குர்து மொழியில் அரசியல்வாதி அஹ்மத் துர்க், துருக்கி மொழியில் அவரது சகா பெர்வின் புல்தான். ஆயுதத்தைக் கீழே போடுங்கள், கட்சியைக் கலையுங்கள் என்பதே சாரம். 1978இல் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவரே இதைச் சொல்கிறார். 1999 முதல் இம்ராலித் தீவுச் சிறையில் இருக்கிறார்.

தனிநாட்டுக் கோரிக்கையை அவர் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது கூட்டாட்சி, தன்னாட்சி எதுவும் விடையாகாது என்கிறார். 1984 ஆகஸ்டில் எரூ, ஷெம்தின்லி தாக்குதல்களோடு மூண்டு 40,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்ட, கட்சிக்கும் துருக்கி அரசுக்குமான போர் இது. அப்படியானால் எதுதான் விடை? கடிதத்தில் தேடினேன், 'ஜனநாயக சமூகம்' என்பதற்கு மேல் பிடி கிடைக்கவில்லை.

வாசிப்பு முடிந்ததும், ஒச்சலானைச் சந்தித்து வந்த குழுவிலிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் சிர்ரி சுரெய்யா ஓந்தர் தாளில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார். ஆயுதக் களைவு நடைமுறைக்கு வர வேண்டுமானால் ஜனநாயக அரசியலும் சட்ட ஏற்பாடும் வேண்டும் என்று ஒச்சலான் சொல்லியனுப்பினாராம். எனக்கு மொத்தக் கடிதத்தையும்விட இந்த வால்தான் முக்கியம்.

28 பிப்ரவரி

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் துருக்கியத் தேசியவாதி தெவ்லெத் பஹ்செலி. 2007இல் ஒச்சலானைத் தூக்கிலிடு என்று மேடையிலிருந்து கயிற்றை வீசியவர், போன அக்டோபரில் அதே மனிதரை நாடாளுமன்றத்தில் வந்து பேசச் சொன்னார். மனம் மாறியிருக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் வெள்ளந்தி இல்லை. பஹ்செலியின் கூட்டாளியான அதிபர் எர்தோவானுக்கு இன்னொரு பதவிக்காலம் வேண்டும். அதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்தக் குர்து உறுப்பினர்களின் வாக்கு உதவும்.

4 மே

நேற்று ஓந்தர் காலமானார். குர்து இனத்தவர் அல்லர். அதியாமானில் பிறந்த துர்க்மேன். 2013இல் இஸ்தான்புல் கெசிப் பூங்காவின் மரங்களைக் காக்க புல்டோசருக்கு முன்னால் போய் நின்றவர். அதே ஆண்டு குர்துகளின் பெருநகரான தியார்பகீரில் லட்சக்கணக்கானோர் முன் ஒச்சலானின் நவ்ரோஸ் (குர்துப் புத்தாண்டு) சமாதானக் கடிதத்தைத் துருக்கி மொழியில் வாசித்தவரும் இவர்தான். அந்தச் சமாதானம் 2015 ஜூலையில் குலைந்தது. இந்தப் பிப்ரவரியில் அவர் வாய்மொழியாகச் சொன்ன நிபந்தனைக்கு இனி யார் சாட்சி சொல்வது?

12 மே

கட்சி கலைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்துவிட்டது. "சரணாகதி" என்று நண்பர் ஒருவர் கொதிக்கிறார். கொதிக்கட்டும். எல்லைக்கு அப்பால் ஈராக் குர்துகளின் கணக்கையும் அவர் பார்க்க வேண்டும். 1975இல், அதுவரை அவர்களுக்கு உதவிவந்த ஈரானின் ஷா அல்ஜியர்ஸில் சதாமோடு கைகுலுக்கியதும் அவர்களின் தலைவர் முஸ்தபா பர்ஸானியின் கிளர்ச்சி சில வாரங்களில் சரிந்தது. 2017 பொதுவாக்கெடுப்பில் 92 சதவீதத்துக்கு மேல் தனிநாட்டுக்கு வாக்களித்தார்கள். மூன்றே வாரத்தில் எண்ணெய் நகரமான கிர்குக் கைவிட்டுப் போனது. துப்பாக்கியும் தரவில்லை, வாக்குச்சீட்டும் தரவில்லை. இருந்தும் அவர்களுக்கு ஒரு நாடாளுமன்றமும் பள்ளிகளில் தாய்மொழியும் மிஞ்சின. துருக்கியில் அதுவும் இல்லை. நண்பரின் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

9 ஜூலை

ஒச்சலான் காணொளியில் தோன்றினார். சிறைப்பட்ட பிறகு முதல் முறை. நரைத்த தலை, போலோ சட்டை. யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றே நினைத்திருப்பேன்.

11 ஜூலை

ஈராக் குர்திஸ்தானின் சுலைமானியா அருகே ஜாசனாக் குகை வாசல். கட்சியின் போராளிகள், பெண்களும் ஆண்களுமாக முப்பது பேர், வரிசையாக இறங்கி வந்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான பெசே ஹோசாத் துருக்கி மொழியில் அறிக்கை படித்தார். பிறகு ஒவ்வொருவராகத் துப்பாக்கியையும் தோட்டாப் பட்டையையும் பெரிய கொப்பரைக்குள் வைத்தார்கள், தீ மூட்டப்பட்டது. 1923இல் பிரிட்டிஷ் குண்டுவீச்சுக்குத் தப்பிய குர்துக் கிளர்ச்சித் தலைவர் ஷேக் மஹ்மூத் அச்சகத்தைக் கொண்டுவந்து குர்துப் பத்திரிகை அடித்த குகை இது. இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

யாரிடமும் ஒப்படைக்கவில்லை, தாங்களே எரித்தார்கள். அதில் ஒரு ரோஷம் இருக்கிறது. எரித்தவர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் மலைக்கே திரும்பினார்கள். துருக்கிக்குள் நுழைந்தால் அவர்களை என்ன செய்வது என்பதற்கு இன்னும் சட்டம் இல்லை. ஓந்தர் பிப்ரவரியில் கேட்டது அதைத்தான். அங்காராவில் நாடாளுமன்றக் குழு ஒன்று அமையப்போவதாகப் பேச்சு. அதற்கு என்ன அதிகாரம் என்று தெரிந்த பிறகு தொடர்கிறேன்.