கெப்புக்கு டயர் உரசினதும் நான் அவசரத்தில எடுத்த கிரைண்டரும்

பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற சேர் ஒருத்தர் முதல் தரம் தன்ட கெப்ப, பின்னால சாமான் ஏத்துற டபுள் கெப்ப, என்ட கராஜுக்கு கொண்டு வந்தது தை மாசக் கடைசியில. மழை விட்டு வெயில் பிடிச்சு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் வேளாண்மை வெட்டு தொடங்கப் போகுது எண்டு ஆளாளுக்கு வாகனத்த செய்விக்க ஓடி வாற நேரம். கராஜ் வாசல்ல கிறுகி உள்ளுக்க ஏறக்குள்ளயே கேட்டுது, ரப்பர் பிளாஸ்டிக்கில இழுபடுற அந்தச் சத்தம், ஒருக்கா கேட்டவனுக்கு மறக்காது. "தம்பி, டயர் எங்கயோ உரசுது, இண்டைக்கே ஏதும் செய்ய ஏலுமா, நாளைக்கு பள்ளிக்கூடம் இருக்கு" எண்டார்.

அவருக்கு வீடு கல்லடியில, படிப்பிக்கிறது கொக்கட்டிச்சோலைக்கு அங்கால, அந்தப் பக்கமே கொஞ்சம் வயலும் இருக்கு. ஒவ்வொரு நாளும் காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால போய் வாறவர். 2014ல அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில, அதான் வாகனம் ஏத்துற மிதவையில, ஏறித்தான் வாவிய கடந்தவங்க, இப்ப அந்தக் கரைச்சல் இல்ல, ஆனா அங்கால இறங்கி வட்டைக்குள்ள, வயல்வெளிக்குள்ள, போற கிரவல் றோட்டு மாரி முடிஞ்சா எப்படிக் கிடக்கும் எண்டு ஓடினவங்களுக்குத் தெரியும். காலையில கொப்பியும் பையும், பின்னேரம் உர பேக்கும் நெல் மூடையும், எல்லாம் அந்த ஒரு டபுள் கெப்புலதான். ரெண்டு கிழமைக்கு முதல் யாரோ வித்த அகல ரிம்மும் பெரிய டயரும் வாங்கிப் பூட்டியிருக்கார், சேத்துக்க தாழாம போகும் எண்டு. அந்த எண்ணம் பிழையில்ல.

நான் கீழ படுத்து டோர்ச் அடிச்சுப் பாத்தன். முன் பம்பர் மூலையில தேஞ்சிருக்கு, சில்லுக்கு மேல இருக்கிற உள் பிளாஸ்டிக் லைனர்ல தேஞ்சிருக்கு, இடப்பக்கம் சில்லுக்குப் பின்னால, கதவுக்குக் கீழ தகட்ட மடிச்சு வெல்ட் வச்ச அந்த விளிம்பும் பளபளண்டு இருக்கு. உரசுற இடம் தெரிஞ்சுட்டு, வேற என்ன எண்டு நினைச்சு கிரைண்டர எடுத்தன். பம்பர் மூலைய வளைச்சு வெட்டினன், லைனர வெட்டினன், பின் விளிம்பிலயும் ஒரு விரலகலத்துக்கு தகட்ட வெட்டி எடுத்தன். ஒரு மணித்தியால வேலை. வெறும் வண்டியில ஸ்டேரிங்க முழுசா வெட்டி முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிப் பாத்தா சத்தமே இல்ல. சேருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

மாசி நடுவில ஒரு நாள் ராவு எட்டு மணிக்குப் பிறகு கோல் வந்துது. வட்டைக்குள்ள இருந்து பதினெட்டு மூடை நெல்லோட வந்தவர், தார் றோட்டுக்கு ஏற முதல் மாடு ஒண்டு குறுக்க வந்திருக்கு, பிரேக்க அழுத்திக்கொண்டே ஸ்டேரிங்க வெட்டியிருக்கார், அவ்வளவுதான், இடப்பக்க முன் டயர் பொத்தெண்டு போயிட்டு. நான் மோட்டார் சைக்கிள்ல ஜக்கும் கட்டிக்கொண்டு போய்ப் பாத்தா டயர்ட பக்கச் சுவர் ஒரு சாண் நீளத்துக்கு கிழிஞ்சு உள்ளுக்க நூல் தெரியுது. அந்த மாதிரி பக்கத்தில வெட்டினா ஒட்டி ஓட ஏலாது, டயர் முடிஞ்சுது. லைட்ட விளிம்பில பிடிச்சன். நான் வெட்டி விட்ட தகடு கத்தி மாதிரி நிக்குது. முதல்ல அது ரெண்டு தகடு மடிஞ்ச மழுங்கின விளிம்பு, உரசினாலும் தேய்க்கும், வெட்டாது. அதக் கூராக்கினது நான். மூண்டு கிழமையில அந்த வெட்டு வாயில மண்ணிறமா துருவும் ஏறியிருந்துது, கல்லடிக் கடற்காத்து பச்சைத் தகட்ட விட்டு வைக்குமா.

சேர் ஏசல்ல. மூடைய இறக்கி ஓரமா அடுக்கிக்கொண்டு, "நீங்க செஞ்சதுதானே எண்டு நம்பித்தான் தம்பி லோட் ஏத்தினன்" எண்டு மட்டும் சொன்னார். அண்டைக்கு நித்திரை இல்ல எனக்கு. அது நேரா ஓடக்குள்ள போயிருந்தா, பாலத்தில போயிருந்தா எண்டு யோசிச்சுக்கொண்டே கிடந்தன்.

விடிய எனக்கு வேலை பழக்கின காக்காவ (மூத்த முஸ்லிம் ஆக்கள இங்க அப்படித்தான் கூப்பிடுறது) காத்தான்குடிக்கு போய் கூட்டி வந்தன். அவர் இப்ப கராஜ் செய்றல்ல, முழங்கால் ஏலாது, ஆனா கண்ணும் காதும் அப்படியே இருக்கு. ஸ்டூல் ஒண்டில இருந்துகொண்டு ரெண்டு பக்க சில்லையும் மாறி மாறிப் பாத்தார், ஒண்டும் கதைக்கல்ல, மறுகா கேட்டார், "மனே, ரிம் ரெண்டு பக்கமும் ஒரே ரிம்தானே? டயரும் ஒரே டயர்தானே? அப்ப ஏன் பின் விளிம்பு இடப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு?"

நான் அதப் பாத்தனான். பாத்தும் கேக்கல்ல. பம்பர் ரெண்டு மூலையிலயும் தேஞ்சிருந்துது, லைனர் ரெண்டு பக்கமும் தேஞ்சிருந்துது, அது ரிம்மாலயும் டயராலயும் வாறது. பின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் எண்டா அதுக்கு வேற காரணம் இருக்கு, நான் ரெண்டையும் ஒரு வருத்தமா நினைச்சு ஒரே மருந்து குடுத்திருக்கன்.

காக்கா வாவிக் கரையில இருந்து ஒரு வாளி சேறு எடுப்பிச்சார். விளிம்பில விரல் தடிப்புக்கு அப்பச் சொன்னார், லைனர்லயும் பம்பர்லயும் கூட. நிண்ட நிலையில ஸ்டேரிங்க முழுசா வெட்டினம், விளிம்புச் சேறு அப்படியே இருக்கு. முழு வெட்டில ரிவேர்ஸ் போனம், அப்பவும் இருக்கு. பிறகு மெல்ல ஓடி வந்து அரைவாசி வெட்டில சடாரெண்டு பிரேக் பிடிக்கச் சொன்னார். இறங்கிப் பாத்தா இடப்பக்கச் சேத்த டயர் வழிச்சு எடுத்திருக்கு, கரண்டியால வழிச்ச மாதிரி. வலப்பக்கம் தொடல்ல. அலவாங்க லோவர் ஆமுக்கும் (சில்ல கீழ பிடிச்சு வச்சிருக்கிற கை) சேசிக்கும் இடையில குடுத்து நெம்பினம், அந்த ஆம சேசியோட சேக்கிற இடப்பக்க பின் புஷ்ஷுட ரப்பர் முழுசா கிழிஞ்சு ஆம் ஒரு விரலளவு முன்னுக்கும் பின்னுக்கும் போகுது. பிரேக் பிடிக்கக்குள்ள றோட்டு சில்ல பின்னுக்குத் தள்ளும், நல்ல புஷ் அதத் தாங்கிப் பிடிக்கும், கிழிஞ்ச புஷ் விட்டுக் குடுக்கும், சில்லு அப்படியே விளிம்புல போய் ஏறும். லோட்டும் சேந்தா பிரேக்க இன்னும் அழுத்தோணும். வெறும் வண்டிய கராஜுக்குள்ள உருட்டிப் பாத்த எனக்கு அது எங்க தெரியப் போகுது.

ரிம் கணக்கும் சொல்றன், ஏனெண்டா கன பேர் கடையில 'பெரிசு வடிவா இருக்கும்' எண்டதோட வாங்கிட்டு வாறாங்க. சேருக்கு முதல் இருந்தது 7 அங்குல அகல ரிம், ஓஃப்செட் 30, அதாவது ரிம்ம பூட்டுற முகம் அதுட நடுவில இருந்து 30 மில்லிமீற்றர் வெளிப்பக்கம். வாங்கினது 8 அங்குல அகலம், ஓஃப்செட் 0. ஓஃப்செட்டால 30 மில்லிமீற்றர் வெளிய, அகலத்தில கூடின அங்குலத்தில பாதி 12.7, மொத்தம் ரிம்முட வெளி விளிம்பு 43 மில்லிமீற்றர் கிட்ட வெளிய வந்துட்டு. சில்லு வெளிய வந்தா ஸ்டேரிங் வெட்டக்குள்ள நிண்ட இடத்தில கிறுகாது, பெரிய வட்டம் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் வீசும், அதுதான் பம்பர் மூலை. அதோட டயர் 265/70ல இருந்து 265/75க்கு (265 மில்லிமீற்றர் அகலம், பக்கச் சுவர் அதுல 70, 75 வீதம்) மாறினதில 16 அங்குல விட்ட ரிம்முக்கு டயர்ட விட்டம் 777ல இருந்து 804க்கு கிட்ட போகுது, சுத்தி வர 13 மில்லிமீற்றர் கூட, அதுதான் லைனர். மீற்றர் 60 காட்டக்குள்ள உண்மையில 62 ஓடுவீங்க, அது பெரிய விசயமில்ல, பெயாரிங்குக்கு கூடுற சுமைதான் எனக்குக் கவலை.

வேலைக்கு மூண்டு நாள் போச்சு. ரெண்டு பக்கமும் லோவர் ஆம் புஷ் மாத்தினம், ஒரு பக்கம் மட்டும் மாத்தி விடுறதில எனக்கு விருப்பமில்ல. இங்க ஒரு முக்கியமான விசயம், புஷ் போல்ட்ட வண்டி ஜக்கில தொங்கக்குள்ள இறுக்கக் கூடாது. தொங்கல்ல இறுக்கினா வண்டிய இறக்கின உடனே ரப்பர் முறுகின நிலையிலயே நிக்கும், ஓட ஓட கிழியும். கைப்பிடிக்கு மட்டும் முறுக்கிட்டு, சில்லு நிலத்தில ஊண்டி வண்டி தன்ட பாரத்தில நிண்ட பிறகுதான் கடைசி இறுக்கு. இடப்பக்க புஷ் இப்படிப் போனதுக்கும் அதுதான் காரணம் எண்டு காக்கா சொன்னார், முதல் பூட்டினவன் அந்தரத்தில இறுக்கியிருப்பான் எண்டு. 2020 பங்குனியில வாகன இறக்குமதி நிண்டு 2025ல திறக்கும் வரைக்கும் எல்லாரும் இருக்கிறத வச்சே இழுத்தாங்க, எத்தினையோ கை பட்ட வண்டிகள், யார் எப்ப எதப் பூட்டினது எண்டு கண்டுபிடிக்க ஏலாது.

பிறகு எலைன்மென்ட், சில்லுகள்ட கோணம் சரி பாக்கிறது. கேஸ்டர, சில்லு கிறுகிற அச்சு பின்னுக்குச் சாயிற அளவ, கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னன், சில்லு சில மில்லிமீற்றர் முன்னுக்கு வரும், பின் விளிம்புக்கு இடம் கிடைக்கும், ஆனா ரெண்டு பக்கமும் சமனா இல்லாட்டி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டேரிங் ஸ்டொப்பர் போல்ட்ட நீட்டி விட்டா வெட்டு குறைஞ்சு உரசாம விடும், அதுவும் ஒரு வழிதான், சேர்ட வீட்டு ஒழுங்கையில இப்பவே ரெண்டு தரம் முன்ன பின்ன எடுத்துத்தான் கிறுகிறவர், அதால அதத் தொடல்ல. ரிம்ம பத்தி அவரோட இருந்து கதைச்சன். பழைய ரிம்மும் பழைய அளவு டயரும் வீட்டில கிடந்துது, அதையே பூட்டச் சொன்னார். கிழிஞ்ச டயருக்குரிய காசு நான் குடுத்தன், வேணாம் எண்டவர், நான் விடல்ல.

டோர்ஷன் பார் (ஸ்ப்ரிங்குக்குப் பதிலா முறுகுற கம்பி) வச்ச பழைய கெப்புக்காரங்க 'போல்ட்ட முறுக்கி முன்னுக்கு உயத்தி விடுங்க' எண்டு கேக்கிறாங்க. தாழ்ந்து போன வண்டிய அதுட சரியான உயரத்துக்கு கொண்டு வாறதுக்கு முறுக்கலாம், அதுக்கு மேல முறுக்கினா அக்சில்ட சீவி ஜொயின்ட் (முன் சில்லுக்கு சுத்து குடுக்கிற மூட்டு) சரிவில சுத்தி அதுட ரப்பர் பூட் கிழியும், வண்டியும் கல்லு மாதிரி குத்தும். உரசலுக்கு அது மருந்தில்ல. சில்லு மேல ஏறாம இருக்கலாம், பின்னுக்குப் போறத அது நிப்பாட்டாது.

நான் வெட்டின விளிம்புதான் கடைசி வேலை, அத வேற ஆள விட்டு செய்விக்க மனம் வரல்ல. துருவ சுரண்டி, கூர அரம் போட்டு எடுத்து, வாய் பிளந்த தகட்டுக்கு திரும்ப வெல்ட் வச்சு, சுத்தியலால உள்பக்கமா மடிச்சுத் தட்டினன். முதல் நாளே அப்படித் தட்டி மடிச்சிருந்தா வெட்டவே தேவையில்ல. பிறகு சீலர், துருவுக்கு அடிக்கிற பெயின்ட் ரெண்டு கோட்டு, நடுவில ஒரு நாள் காய விட்டன்.

எல்லாம் முடிஞ்சு வண்டிய குடுக்க முதல் அதே இடத்தில திரும்ப சேறு அப்பினன், விரலால அமத்தி. "சேர், இண்டைக்கு இருக்கிற நெல்ல ஏத்தி அதே றோட்டால வாங்க, ரெண்டு மூண்டு இடத்தில நல்லா பிரேக் பிடிங்க" எண்டு சொல்லி விட்டன். அடுத்த நாள் பின்னேரம் பதினெட்டு மூடையோட கராஜ் வாசல்ல நிப்பாட்டினார். நான் குனிஞ்சு பாத்தன். சேறு காஞ்சு வெடிச்சிருந்துது, ஆனா ஒரு இடத்திலயும் வழிபடல்ல, என்ட விரல் பதிஞ்ச அடையாளம் கூட அப்படியே இருந்துது. துணிய எடுத்து துடைக்கப் போனன். "விடுங்க தம்பி, வெட்டு முடியும் வரைக்கும் கிடக்கட்டும்" எண்டார் சேர்.